தேவன் வாக்கு மாறாதவர் என்பதன் பொருள் என்ன?

கோவை, திருப்பூர், ஈரோடு நகரங்களின் குடியிருப்புகளில் நடந்து செல்பவர்கள் 'எபெனேசர்' என்ற பெயரை ஏதேனும் ஒரு வீட்டு வாசலிலோ கடையின் பெயர்ப்பலகையிலோ கண்டிருக்கக்கூடும். சில வீடுகளில் அதன் கீழேயே 'இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவி செய்தார்' என்ற வரியும் எழுதப்பட்டிருக்கும். பெலிஸ்தரின் கையிலிருந்து தம் மக்கள் காக்கப்பட்ட பிறகு, சாமுவேல் தீர்க்கதரிசி ஒரு கல்லை நாட்டி, அதற்கு அந்தப் பெயரை இட்டுச் சொன்ன சொற்கள் அவை. அதே நூலில் சில அதிகாரங்கள் முன்னே புரட்டினால், எபெனேசர் என்னும் பெயருள்ள இடத்தில் பாளயமிறங்கியபோதுதான் இஸ்ரவேலர் படுதோல்வி அடைந்தார்கள் என்பதையும், உடன்படிக்கைப் பெட்டியைக்கூட எதிரிகளிடம் பறிகொடுத்தார்கள் என்பதையும் காணலாம். தோல்வியோடு சேர்ந்து நினைவில் நின்றுவிட்ட ஒரு பெயரையே உதவியின் அடையாளக் கல்லுக்கும் சாமுவேல் சூட்டினார்.

கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களும் புதிதாக ஆலயத்துக்கு வரத் தொடங்கியவர்களும் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியத்துக்கு இந்தக் கல் நல்ல வாசற்படி. 'தேவன் உண்மையுள்ளவர்' என்பதே அந்த வாக்கியம். இதைச் சொல்லும் கிறிஸ்தவர்கள் தங்களுக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று சொல்வதில்லை. தேவன் தம் மக்களோடு தாமாகவே முன்வந்து ஏற்படுத்திக்கொண்ட உறவை, அந்த மக்கள் அதைச் சிதைத்தபோதும், அவர் முறித்துக்கொள்வதில்லை என்றே சொல்கிறார்கள். முதலாவதாகச் சொன்னதை நம்புகிறவர் ஒரு நோய் வந்தாலோ, ஒரு வேலை போனாலோ நம்பிக்கையையும் இழந்துவிடுவார். இரண்டாவதை நம்புகிறவருக்கும் கண்ணீர் வரும், கேள்விகள் வரும், ஆனால் அந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்ற உறுதி அவரிடம் எஞ்சியிருக்கும். வேதாகமம் எதைச் சொல்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

ஒருவர் மட்டுமே கடந்துபோன உடன்படிக்கை

வேதாகமத்தில் தேவனுடைய உண்மை எப்போதும் உடன்படிக்கை என்னும் வடிவத்தோடு சேர்ந்தே வருகிறது. பழையகோட்டையிலோ கண்ணபுரத்திலோ காங்கேயம் மாடுகளை விலை பேசும் முறையை அறிந்தவர்களுக்கு உடன்படிக்கை என்றால் என்னவென்று எளிதில் சொல்லிவிடலாம். துண்டுக்கு அடியில் இருவர் விரல் பிடித்து விலையை முடிக்கிறார்கள், அச்சாரம் கைமாறுகிறது, அதன் பிறகு பின்வாங்குவது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சமமான அவமானம். எழுத்தில் எதுவும் இல்லாவிட்டாலும் இருவரும் கட்டுப்பட்டிருக்கிறார்கள்.

ஆபிரகாம் வாழ்ந்த பண்டைய மேற்காசியாவிலும் இருதரப்பையும் கட்டும் சடங்குகள் இருந்தன. மிருகத்தை இரண்டாக வெட்டி, துண்டங்களை எதிரெதிராக வைத்து, அவற்றின் நடுவே கடந்துபோவது அவற்றுள் ஒன்று. சொன்ன சொல்லை மீறினால் இந்த மிருகத்துக்கு நேர்ந்ததே எனக்கும் நேரட்டும் என்பது அதன் உட்பொருள் என்பதை எரேமியா 34ஆம் அதிகாரம் தெளிவாகக் காட்டுகிறது. ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில் ஆபிராம் (அப்போது அவர் பெயர் அதுதான்) ஒரு கிடாரியையும் வெள்ளாட்டையும் ஆட்டுக்கடாவையும் துண்டித்து வைக்கிறார், துண்டங்களின்மேல் இறங்கும் பறவைகளைத் துரத்துகிறார், சூரியன் சாயும் நேரத்தில் அயர்ந்து உறங்கிவிடுகிறார். இருள் சூழ்ந்த பின் புகைகிற சூளையும் எரிகிற சுவாலையும் அந்தத் துண்டங்களின் நடுவே கடந்துபோகின்றன. தேவனுடைய பிரசன்னத்தின் அடையாளங்கள் அவை. ஆபிராமோ நடுவே கடந்துபோகவே இல்லை. சந்தையில் ஒருவர் மட்டும் துண்டுக்குள் கையை வைத்து இருதரப்புப் பொறுப்பையும் தாமே ஏற்றுக்கொண்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. இங்கே அதுதான் நடக்கிறது.

இதன் பிறகு ஆபிரகாம் அப்பழுக்கில்லாமல் நடந்துகொண்டார் என்று நூல் சொல்லவில்லை. அழைப்பைப் பெற்று ஆரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 75, வாக்களிக்கப்பட்ட ஈசாக்கு பிறந்தபோது வயது 100. இடைப்பட்ட அந்த 25 ஆண்டுகளில் அவர் பொறுமை இழந்து, தம் மனைவியின் அடிமைப்பெண்ணான ஆகார் மூலம் பிள்ளை பெற்றுக்கொள்கிறார், அந்தப் பெண் அதன் விளைவுகளைச் சுமக்க நேர்கிறது. உயிருக்குப் பயந்து தம் மனைவியைச் சகோதரி என்று சொல்லி அந்நிய அரசர்களின் அரண்மனைக்கு இருமுறை போகவிடுகிறார். இரண்டாவது முறை அப்படிச் செய்தது இந்த உடன்படிக்கைக்குப் பிறகு. வாக்கு நின்றது ஆபிரகாமின் தகுதியால் அல்ல என்பதைக் காட்டுவதற்காகவே இவையெல்லாம் மறைக்கப்படாமல் எழுதப்பட்டிருக்கின்றன என்று நான் கருதுகிறேன். அதே சமயம் 17ஆம் அதிகாரத்தில், 'நீ எனக்கு முன்பாக நடந்துகொண்டு உத்தமனாயிரு' என்ற அழைப்பும் அவருக்குக் கொடுக்கப்படுகிறது. உறவைத் தொடங்குவதும் தாங்குவதும் தேவன், அந்த உறவுக்குள் வாழும் பொறுப்பு மனிதருடையது. இந்த வரிசை மாறாதவரை மற்றவை எளிதில் விளங்கும்.

துரோகத்துக்குப் பின் கேட்ட குரல்

தேவனுடைய குணத்தைப் பற்றிப் பழைய ஏற்பாட்டில் அதிகமாகத் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படும் வாக்கியம் ஒன்று உண்டு: 'கர்த்தர், கர்த்தர், இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்.' இது யாத்திராகமம் 34ஆம் அதிகாரத்தில் வருகிறது. சங்கீதங்களிலும், நெகேமியாவிலும், யோவேலிலும், யோனாவிலும் அது எதிரொலிக்கிறது. ஆராதனைகளில் இதைக் கேட்கும் புதியவர்கள் இதை ஓர் இனிய வாழ்த்துப்பா என்றே எண்ணிக்கொள்வார்கள். ஆனால் இது முதன்முதலாகச் சொல்லப்பட்ட சூழலை அறியாமல் இதன் கனத்தை உணர முடியாது.

எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள் விடுவிக்கப்பட்டுச் சீனாய் மலையடிவாரத்தில் தங்கியிருக்கிறார்கள். 'கர்த்தர் சொன்னதையெல்லாம் செய்வோம்' என்று ஒரே குரலில் வாக்களித்து, உடன்படிக்கையின் இரத்தம் தங்கள்மேல் தெளிக்கப்பட்டவர்கள் அவர்கள். மோசே மலையில் நாற்பது நாள் தங்கிவிட, அதற்குள் அவர்கள் பொறுமையிழந்து, காதணிகளைக் கழற்றிக் கொடுத்து ஒரு கன்றுக்குட்டியை வார்ப்பித்து, எங்களை எகிப்திலிருந்து அழைத்துவந்த தெய்வம் இதுவே என்று கொண்டாடுகிறார்கள். திருமணப் பந்தலின் வாழைமரம் வாடுவதற்கு முன்பே நடந்த துரோகம் இது. மோசே இறங்கிவந்து கற்பலகைகளை உடைக்கிறார். அவை உடைந்தபோது உடன்படிக்கையே உடைந்தது என்று அந்தக் காட்சியைப் படிக்கும் எவருக்கும் தோன்றும்.

ஆனால் இறங்கிவருவதற்கு முன்பே மலையில் மோசே தேவனிடம் மன்றாடியதை மிகுந்த கவனத்தோடு படிக்க வேண்டும். மக்கள் செய்தது சிறிய தவறுதான் என்று அவர் வாதாடவில்லை. இனி ஒழுங்காக இருப்பார்கள் என்று உத்தரவாதம் தரவும் இல்லை. 'உம்முடைய தாசராகிய ஆபிரகாமையும் ஈசாக்கையும் இஸ்ரவேலையும் நினைத்தருளும், உம்மைக்கொண்டே அவர்களுக்கு ஆணையிட்டீரே' என்கிறார். மக்களிடம் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லாதபோது, தேவனையே தேவனுக்கு முன் சாட்சியாக நிறுத்துகிறார். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 6ஆம் அதிகாரம் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு இதே கருத்தை விரித்துரைக்கிறது. ஆணையிடுகிற மனிதர்கள் தங்களிலும் பெரியவர்பேரில் ஆணையிடுவார்கள், தேவனிலும் பெரியவர் யாரும் இல்லாததால் அவர் தம்பேரிலேயே ஆணையிட்டார் என்று அது சொல்கிறது.

இந்த மன்றாட்டுக்குப் பின், புதிய இரண்டு கற்பலகைகளோடு மோசே மறுபடியும் மலையேறும்போதுதான் முன் சொன்ன அறிவிப்பு ஒலிக்கிறது. மக்கள் மிகச் சிறப்பாக நடந்துகொண்ட நாளில் அல்ல, மிக மோசமாக நடந்துகொண்ட நாட்களை ஒட்டியே தேவன் தம் குணத்தைத் தாமே எடுத்துரைக்கிறார். அதே அறிவிப்பு, குற்றத்தைத் தண்டியாமல் விடாதவர் என்றும் தொடர்கிறது என்பதை விட்டுவிடக் கூடாது. அந்தப் பாவத்துக்கு விளைவுகள் இருந்தன, அவை கடுமையாகவும் இருந்தன. உண்மை என்பது கண்டும் காணாமல் இருப்பது அன்று. ஆனால் தண்டனை உறவின் முடிவாக அமையவில்லை, உறவுக்குள்ளேயே நடந்தது.

எண்ணிக்கையில் சிறியவர்கள்

ஏன் இந்த மக்கள்? இந்தக் கேள்விக்கு உபாகமம் 7ஆம் அதிகாரம் தரும் பதில், எந்த மக்களையும் பெருமையில் ஆழ்த்தாத பதில். நீங்கள் பெருந்திரளான மக்கள் என்பதற்காக அல்ல, உண்மையில் எல்லா மக்களிலும் நீங்கள் கொஞ்சம் பேராகவே இருந்தீர்கள், கர்த்தர் உங்களில் அன்புகூர்ந்ததாலும் உங்கள் முன்னோருக்கு இட்ட ஆணையைக் காக்கவுமே உங்களை மீட்டார் என்று மோசே சொல்கிறார். அன்பு வைத்ததற்குக் காரணம் அன்பு வைத்ததே என்பதைத் தவிர வேறு விளக்கம் அங்கே இல்லை.

கொங்கு நாட்டுத் திருச்சபைகளில் இந்தப் பகுதி வாசிக்கப்படும்போது அதற்கு ஒரு தனி ஓசை உண்டு. இங்கே கிறிஸ்தவம் 17ஆம் நூற்றாண்டில் இயேசு சபைக் குருக்களின் பணியால் கருமத்தம்பட்டி போன்ற இடங்களில் வேர்விட்டது. 1830இல் லண்டன் மிஷன் கோவையில் பணியைத் தொடங்கியது. அதன் தொடர்ச்சியாக எழுந்த சபைகளே இன்று, ஈரோட்டின் பிரப் ஆலயம் உட்பட, தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்துள்ளன. இந்தச் சபைகளில் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் தள்ளி நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகள், எகிப்தின் செங்கல் சூளைகளில் வேலை செய்த அடிமைகளை ஒருவர் பெயர் சொல்லி அழைத்தார் என்றும், அந்த அழைப்பை ஆயிரம் தலைமுறைமட்டும் காக்கிறவர் என்றும் வாசிக்கும்போது, அது அவர்களுக்குப் பழங்காலத்துச் செய்தியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. திருச்சபைக்குள்ளும் சாதி தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பது வேதனையான உண்மை. உபாகமத்தின் இந்த வசனங்களை உரத்து வாசித்துவிட்டு அவ்வாறு நடந்துகொள்பவர்கள், எந்தத் தேவனுடைய உண்மையால் தாங்கள் நிற்கிறார்களோ அந்தத் தேவனுக்கே எதிராக நடக்கிறார்கள் என்று சொல்வதற்கு நான் தயங்கவில்லை.

எருசலேம் எரிந்தபோது

தேவன் உண்மையுள்ளவர் என்றால் கி.மு. 587 அல்லது 586இல் பாபிலோனியர் எருசலேமை அழித்து, ஆலயத்தைக் கொளுத்தி, மக்களைச் சிறைபிடித்துப் போனது எப்படி? தாவீதின் அரியணை நிலைத்திருக்கும் என்று 2 சாமுவேல் 7ஆம் அதிகாரத்தில் வாக்களிக்கப்பட்டிருந்ததே? இந்தக் கேள்வியைப் பக்திக் குறைவு என்று வேதாகமம் ஒதுக்கவில்லை. 89ஆம் சங்கீதம் தேவனுடைய உண்மையை நீண்ட நேரம் புகழ்ந்து பாடிவிட்டு, திடீரெனத் திரும்பி, நீரோ எங்களைத் தள்ளிவிட்டீர் என்று குற்றம்சாட்டி, தாவீதுக்கு ஆணையிட்ட பழைய கிருபைகள் எங்கே என்று நேருக்கு நேர் கேட்கிறது. அதற்கு முந்தைய 88ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது, ஆறுதல் சொல்லும் ஒரு கடைசி வரிகூட அதில் இல்லை. இரண்டும் வழிபாட்டுப் பாடல் தொகுப்புக்குள் இடம்பெற்றிருக்கின்றன. முறையிடுவதும் விசுவாசத்தின் ஒரு பகுதி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வாக்குக் கொடுத்தவரிடம்தானே வாக்கு எங்கே என்று கேட்க முடியும்?

எருசலேமின் இடிபாடுகளுக்கு நடுவே பிறந்தது புலம்பல் என்னும் சிறு நூல். அதில் ஐந்து கவிதைகள் உள்ளன. முதல் நான்கும் எபிரெய எழுத்து வரிசையைப் பின்பற்றி அமைக்கப்பட்டவை. துயரம் கட்டுக்கடங்காமல் போகும்போது அதற்கு ஓர் ஒழுங்கான வடிவம் கொடுத்தே அந்தக் கவிஞர் அதைத் தாங்கியிருக்க வேண்டும். நடுக்கவிதையின் நடுப்பகுதியில்தான் தமிழ்க் கிறிஸ்தவர்கள் மனப்பாடமாக அறிந்த வரிகள் வருகின்றன: 'நாம் நிர்மூலமாகாதிருக்கிறது கர்த்தருடைய கிருபையே, அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை. அவைகள் காலைதோறும் புதியவைகள். உமது உண்மை பெரிதாயிருக்கிறது.' நாட்காட்டிகளில் சூரிய உதயப் படத்தோடு அச்சிடப்படும் இந்த வரிகளுக்கு முன்னும் பின்னும் பசியால் மடிந்த குழந்தைகளைப் பற்றிய வரிகள் இருக்கின்றன. நூலின் கடைசி வசனமும் விடை கிடைக்காத ஓர் ஏக்கத்தோடேயே நின்றுவிடுகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் நம் நாட்டுக்கு இந்தத் தொனி அந்நியமானதன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டி, கோவை, சேலம் மாவட்டங்களையும் கடுமையாகத் தாக்கிய தாது வருடப் பஞ்சத்தைப் பற்றிய பேச்சு இன்றும் பெரியவர்களிடம் மறையவில்லை. மழை பெய்தால் தேவன் உண்மையுள்ளவர், பொய்த்தால் அவர் மறந்துவிட்டார் என்று எண்ணும் விசுவாசம் இந்த மண்ணில் இரண்டு தலைமுறைகூடத் தாங்காது. சபைகளில் அறுப்பின் பண்டிகைக்குத் தேங்காயும் மஞ்சளும் வாழைத்தாரும் கொண்டுவந்து படைப்பவர்கள் விளைச்சல் குறைந்த ஆண்டிலும் கொண்டுவருகிறார்கள். அதன் அளவைப் பார்த்துத் தேவனுடைய உண்மையை அளப்பதற்கில்லை.

அழிவுக்கு முன், எப்பிராயீம் என்றும் அழைக்கப்பட்ட வட இஸ்ரவேல் அரசில் பேசிய ஓசியா தீர்க்கதரிசி, தண்டனையும் உண்மையும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்க முடியும் என்பதை எவரைக் காட்டிலும் ஆழமாகச் சொன்னவர். 11ஆம் அதிகாரத்தில் தேவன் குழந்தைக்கு நடைபழக்கிய தகப்பனாகப் பேசுகிறார். பிள்ளை முரண்டுபிடித்து விலகிப் போகிறது, அதன் விளைவாக வாள் வரப்போகிறது, ஆனாலும், 'எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்?' என்று அவர் நெஞ்சம் துடிக்கிறது. அதற்கு அவர் சொல்லும் காரணம் 'நான் மனுஷனல்ல, தேவனாயிருக்கிறேன்' என்பது. மனிதராக இருந்திருந்தால் எப்போதோ கைவிட்டிருப்பார் என்பது அதன் பொருள்.

தேவன் மனம் மாறுகிறாரா?

இங்கே கவனமுள்ள வாசகர் ஒரு தடையை எழுப்புவார். தேவன் மனம் மாறியதாகவும் வேதாகமத்தில் இருக்கிறதே? இருக்கிறது. 1 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தில், சவுலை அரசனாக்கியது எனக்கு மனஸ்தாபமாயிருக்கிறது என்று தேவன் சொல்கிறார். அதே அதிகாரத்தில் சில வசனங்கள் தள்ளி, மனம் மாற அவர் மனிதன் அல்ல என்று சாமுவேல் சொல்கிறார். இரண்டையும் எழுதியவர் அவற்றுக்கிடையே உள்ள இழுபறியைக் கவனிக்காமல் எழுதியிருக்க முடியாது.

யோனாவின் கதை இதற்கு வழிகாட்டுகிறது. நாற்பது நாளில் நினிவே கவிழ்க்கப்படும் என்பது அறிவிப்பு. நகரம் மனந்திரும்பியது, கேடு வரவில்லை. யோனாவுக்குக் கடுங்கோபம், ஏனென்றால் தேவன் இரக்கமுள்ளவர், இப்படித்தான் செய்வார் என்று அவருக்கு முன்பே தெரியும். மலையில் மோசே கேட்ட அந்த அறிவிப்பையே யோனா இங்கே குற்றச்சாட்டாக எடுத்துச் சொல்கிறார். அறிவிக்கப்பட்ட செயல் மாறியது, அறிவித்தவரின் குணம் மாறவில்லை. குணம் மாறாததால்தான் செயல் மாறியது. கிறிஸ்தவ மரபு மாறாமை என்று சொல்லும்போது கல்லைப் போன்ற அசைவின்மையைச் சொல்லவில்லை, வேண்டுதலைக் கேட்கிற, வருந்துகிற, மகிழ்கிற ஒருவர் தம் நோக்கத்திலும் நன்மையிலும் ஒருபோதும் பிறழ்வதில்லை என்பதையே சொல்கிறது. 'நான் கர்த்தர், நான் மாறாதவர். ஆகையால் யாக்கோபின் புத்திரராகிய நீங்கள் நிர்மூலமாகவில்லை' என்று மல்கியா நூல் இதைச் சுருக்கித் தருகிறது. அவர் மாறாதவர் என்பது நமக்கு எட்டாத ஒரு தத்துவச் செய்தியாக அங்கே வைக்கப்படவில்லை, மக்கள் உயிரோடிருப்பதற்கான காரணமாகவே சொல்லப்படுகிறது.

இயேசுவில் நிறைவேறியது

கிறிஸ்தவ நம்பிக்கையின்படி இந்த நீண்ட வரலாறு இயேசுவில் வந்து சேர்கிறது. லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்திலேயே மரியாளின் பாடலும் சகரியாவின் பாடலும் ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கை நினைவுகூர்கின்றன. சிலுவையில் இயேசு 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைச் சொல்லி, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கதறினார். உண்மையுள்ள தேவனிடம் முறையிடும் அந்தப் பழைய மரபுக்குள் அவரே நின்றார். மூன்றாம் நாள் உயிர்த்தெழுதலைத் திருச்சபை அந்தக் கதறலுக்கான தேவனுடைய பதிலாகக் காண்கிறது. பின்னாளில், கி.பி. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள், தேவகுமாரன் மாறக்கூடியவர் என்று சொல்வோரை வெளிப்படையாகக் கண்டித்தார்கள். இயேசு மாறக்கூடியவரானால், அவரில் நாம் கண்ட தேவனுடைய முகமும் நாளை மாறிவிடலாம் என்று ஆகிவிடும் அல்லவா?

பவுலின் கடிதங்களில் இதைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு சிறு சச்சரவில் பிறக்கிறது. கொரிந்துவுக்கு வருவதாகச் சொன்ன பவுல் பயணத்தை மாற்றிக்கொண்டார். இவர் ஆம் என்றும் சொல்வார், அல்ல என்றும் சொல்வார் என்று அங்கே சிலர் குறைகூறினார்கள். தம் பயணத்தைப் பற்றி விளக்கத் தொடங்கிய பவுல், நடுவில் தேவனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார். தேவனுடைய வாக்குத்தத்தங்கள் எத்தனை உண்டோ அத்தனையும் இயேசு கிறிஸ்துவுக்குள் ஆம் என்று இருக்கின்றன, அதனால்தான் அவர் மூலமாக நாம் ஆமென் என்கிறோம், ஆவியானவரைத் தேவன் அச்சாரமாக நம் இருதயங்களில் தந்திருக்கிறார் என்கிறார். மாட்டுச் சந்தையில் முழுத் தொகை பின்னால் வரும் என்பதற்கு அச்சாரமே சாட்சி. இனி வரவேண்டியவை நிறைய உண்டு என்பதையும் அந்தச் சொல் மறைக்கவில்லை.

இயேசுவின் சீடரான பேதுருவின் கதையை இங்கே விடுவதற்கில்லை. இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை சொன்ன அவரை, உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் சந்தித்து, நீ என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்டு, மந்தையை அவரிடமே ஒப்படைத்தார். 'நாம் உண்மையில்லாதவர்களாயிருந்தாலும், அவர் உண்மையுள்ளவராயிருக்கிறார். அவர் தம்மைத்தாம் மறுதலிக்கமாட்டார்' என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபம் சொல்வதை அந்தக் கடற்கரை விளக்குகிறது. அதற்கு முந்தைய வசனம், நாம் அவரை மறுதலித்தால் அவரும் நம்மை மறுதலிப்பார் என்றும் எச்சரிக்கிறது. இந்த இரண்டு வசனங்களுக்கும் இடையே திருச்சபைகள் வேறுபடுகின்றன. உண்மையாகவே விசுவாசிக்கிறவர் இறுதிவரை காக்கப்படுவார் என்று 1618–19இல் டார்ட் நகரில் கூடிய சீர்திருத்தச் சபைகளின் மன்றம் அறிவித்தது. மெத்தடிஸ்ட் மரபும் கத்தோலிக்கத் திருச்சபையும், தேவன் கைவிடமாட்டார், ஆனால் மனிதர் அவரை விட்டு முற்றிலும் விலகிப்போக இயலும் என்கின்றன. தேவனுடைய உண்மையைப் பற்றி இவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

யூத மக்களுக்குத் தரப்பட்ட வாக்குகள் என்ன ஆயின என்பதிலும் கிறிஸ்தவர்கள் நீண்ட காலம் தவறான பாதையில் சென்றார்கள். தேவன் அவர்களைத் தள்ளிவிட்டார் என்ற போதனை பெரும் கொடுமைகளுக்கு இடமளித்தது. ரோமர் 11ஆம் அதிகாரத்தில் பவுல் அதை மறுத்து, தேவனுடைய கிருபை வரங்களும் அவருடைய அழைப்பும் மாறாதவை என்று எழுதியிருக்கிறார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் அந்த அதிகாரத்தை மேற்கோள் காட்டியே யூதர்களைப் பற்றிய கத்தோலிக்க நிலைப்பாட்டைத் திருத்தி அமைத்தது. பழைய வாக்கை மீறுகிற தேவன் என்றால் புதிய வாக்கை எப்படி நம்புவது?

எழுபது ஆண்டுகளும் அதற்கு அப்பாலும்

டிசம்பர் 31 இரவு ஆராதனையின் முடிவில் பல சபைகளில் வாக்குத்தத்த அட்டைகளை எடுக்கும் வழக்கம் இருக்கிறது. அந்த அட்டைகளில் அடிக்கடி இடம்பெறும் வசனம் எரேமியா 29:11, தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே உங்களைக்குறித்து எனக்கு உண்டு என்ற பொருளுடையது. ஓர் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு வசனத்தை நெஞ்சில் ஏந்திக்கொள்வது நல்ல பழக்கம்தான். ஆனால் பின்னலாடை நிறுவனத்தில் ஆர்டர் நின்றுபோய் வேலையிழந்த ஓர் இளைஞர், மார்ச் மாதத்திலேயே அந்த அட்டையைக் காட்டி, வாக்குக் கொடுத்தாரே என்று கேட்டால், அவருக்கு அந்த வசனத்தின் முன்பகுதியையும் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும்.

அது பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம். வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைப்படுத்திய நகரத்தின் சமாதானத்துக்காக வேண்டுதல் செய்யுங்கள், எழுபது வருடம் முடிந்த பிறகு உங்களைத் திரும்ப அழைத்துவருவேன் என்று அது சொல்கிறது. கடிதத்தை வாசித்த பெரியவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே மடிந்திருப்பார்கள். கி.மு. 538 வாக்கில் பாரசீக அரசன் கோரேசின் ஆணையால் மக்கள் திரும்பத் தொடங்கினார்கள். புதிய ஆலயத்தின் அஸ்திபாரம் போடப்பட்டபோது, முந்தைய ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் உரத்த குரலில் அழுதார்கள் என்றும், அந்த அழுகையையும் மற்றவர்களின் மகிழ்ச்சி ஆரவாரத்தையும் பிரித்தறிய முடியவில்லை என்றும் எஸ்றா 3ஆம் அதிகாரம் கூறுகிறது. வாக்கு நிறைவேறியது, ஆனால் ஒரு மனித ஆயுளின் கணக்குப்படி அன்று.

அப்படியானால் நிறைவேற்றத்தைக் காணாமலே மடிந்தவர்களிடம் தேவன் எப்படி உண்மையுள்ளவர்? இந்தக் கடைசிக் கேள்விக்கு இயேசுவே விடை தந்தார். உயிர்த்தெழுதல் இல்லை என்ற சதுசேயரிடம், முட்செடியருகே மோசேயிடம் பேசியபோது தேவன் தம்மை ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன் என்று அழைத்துக்கொண்டதைச் சுட்டிக்காட்டி, அவர் மரித்தோருக்கு அல்ல, ஜீவனுள்ளோருக்கே தேவனாயிருக்கிறார் என்றார். மோசேயின் காலத்தில் அந்த மூவரும் இறந்து பல தலைமுறைகள் ஆகியிருந்தன. ஆனாலும் தேவன் அவர்களோடு தாம் கொண்ட உறவை இறந்தகாலமாகப் பேசவில்லை. தேவன் ஒருவரோடு உடன்படிக்கை செய்தபின் மரணம் அதை முறித்துவிடுமானால், மரணம் தேவனைவிட வலியதாகிவிடும். மறுவாழ்வைப் பற்றிய கிறிஸ்தவ நம்பிக்கை, ஆன்மாவின் அழியாமையைப் பற்றிய வாதத்தைவிட, தேவன் வாக்கு மாறாதவர் என்பதன் மேலேயே உறுதியாக நிற்கிறது. நவம்பர் 2ஆம் நாள் கொங்கு நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைத் தோட்டங்களில் மெழுகுவர்த்தி ஏற்றி மரித்தோருக்காகச் செபிக்கின்றன. புரொட்டஸ்டண்டு சபைகள் பெரும்பாலும் மரித்தோருக்காகச் செபிப்பதில்லை. ஆனால் இரு தரப்பினரும் தங்கள் விசுவாச அறிக்கையில், சரீரம் உயிர்த்தெழுதலை நம்புவதாகச் சொல்கிறார்கள்.